அமெரிக்கக் கல்லூரி சாக்கர்: தங்கை மகனின் முதல் பருவத்தை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: சாட்ஸ்வொர்த் மாமா

வணக்கம். என் தங்கை மகன் சென்ற ஆகஸ்டில் டர்பனிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள ஒரு கல்லூரிக்கு, என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பிரிவில் ஆடும் அதன் சாக்கர் (கால்பந்து) அணிக்காகச் சென்றான். அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் இரண்டு மணி. நானும் தங்கையும் விழித்திருந்து பார்த்தோம். முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோல்வி. பிறகு தங்கள் கான்ஃபரன்ஸ் (தங்கள் கல்லூரி சேர்ந்திருக்கும் கல்லூரிக் குழு) அணிகளுடன் ஆடியவற்றில் பாதிக்கு மேல் வென்றார்கள். கான்ஃபரன்ஸ் கோப்பையின் அரையிறுதியில் தோற்றதும் நவம்பர் நடுவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பையன் முதல் பாதியில் இருபது நிமிடம் ஆடுவான், வெளியே அழைத்துவிடுவார்கள், அந்தப் பாதியில் திரும்ப இறக்கவே மாட்டார்கள். நம் டர்பன் அணி மேனிங் ரேஞ்சர்ஸ் 1996-97இல் முதல் பிஎஸ்எல் (தென்னாப்பிரிக்க பிரீமியர் லீக்) பட்டத்தை வென்றதைப் பார்த்தவன் நான். பருவம் என்றால் எனக்கு மாதக்கணக்கில் நீளும் லீக். பெஞ்சில் உட்காரவா பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பினோம் என்று தங்கை அழுகிறாள். இதைத் தோல்வி என்று கொள்வதா?

பதில்: வெஸ்ட்வில் நடுக்களம்

மாமா, நான் அங்கே நான்கு ஆண்டுகள் ஆடியவன். முதலில் அந்த இருபது நிமிடத்தைச் சொல்கிறேன். முதல் பாதியில் வெளியேறியவர் அந்தப் பாதியில் மறுபடி இறங்க முடியாது என்பது அங்குள்ள விதி; இரண்டாம் பாதியில் வெளியேறினால் ஒருமுறை திரும்பலாம். ஆகவே அவனைத் திரும்ப இறக்காததைப் பயிற்சியாளரின் அதிருப்தி என்று எண்ண வேண்டாம். நம் பிரீமியர் லீக்கின் 30 ஆட்டங்கள் ஏறக்குறைய பத்து மாதங்களில் பரவிக் கிடக்கின்றன. அங்கே பதினைந்து, இருபது ஆட்டங்களை ஆகஸ்ட் இறுதியிலிருந்து மூன்றே மாதத்துக்குள், பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டாக, வகுப்புகளுக்கும் பேருந்துப் பயணங்களுக்கும் இடையில் ஆடி முடிக்க வேண்டும். அதனால் கால்கள் ஓயாதிருக்க ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதலாண்டு மாணவனை முதல் பாதியிலேயே இறக்குவது, என் அனுபவத்தில், நம்பிக்கையின் அடையாளம். எனக்கு அது இரண்டாம் ஆண்டில்தான் வாய்த்தது.

செப்டம்பர்த் தோல்விகளும் அப்படியே. கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு முன்பு பல பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே வலுவான அணிகளைத் தேடி ஆடுவார்கள். கான்ஃபரன்ஸ் கோப்பையை வென்றால் 48 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு நேரடி இடம் உண்டு. அந்த வாசலுக்கு இரண்டு வெற்றி தூரத்தில்தான் உங்கள் பையனின் அணி நின்றிருக்கிறது.

பதில்: டர்பன் பீனிக்ஸிலிருந்து ஒரு தாய்

அண்ணா, மேலே தம்பி சொன்ன விதிகள் சரி. ஆனால் அந்த நான்கு தோல்விகளை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கோப்பையைத் தவறவிடும் அணிகளைத் தேசியப் போட்டியின் தேர்வுக் குழு முழுப் பருவத்தையும் பார்த்தே அழைக்கிறது. அங்கே செப்டம்பரும் எண்ணப்படும். என் மகனின் அணி ஒருமுறை அப்படித்தான் வெளியே நின்றது.

அதைவிட முக்கியமானது அடுத்த ஆண்டு. முன்பு ஓர் அணிக்கு 9.9 உதவித்தொகைகள்தான், அவற்றைப் பலருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். 2025-26 முதல், என்சிஏஏவின் புதிய நீதிமன்ற உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வந்துவிட்டது. ஆகவே பெஞ்சைப் பற்றி அழுவதை விட்டு, அந்த 28 பேரில் தனக்கு இடம் உண்டா, உதவித்தொகை தொடருமா என்று பையன் பயிற்சியாளரிடம் நேரில் கேட்கட்டும். கேட்க வேண்டியவன் அவன்தான். தாயோ மாமனோ கேட்டால் அங்கே நன்றாக இருக்காது. வசந்தத்தில் கணக்கில் சேராத சில ஆட்டங்கள் உண்டு. பயிற்சியாளரின் கண் அப்போதும் அவன்மேல் இருக்கும். டிசம்பரில் ஊருக்கு வந்தால் கறியும் ரொட்டியுமாகக் கொடுத்துக் கிடத்திவிடாமல், ஓட விடுங்கள்.

சாட்ஸ்வொர்த் மாமா

இருவருக்கும் நன்றி. மாற்று விதியைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் அவனைத் தண்டித்தார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம். பயிற்சியாளரிடம் பேசச் சொல்லி இன்றிரவே அவனுக்குச் செய்தி அனுப்புகிறோம்.