வடகடல் கரையில் காணாமல் போன என் தம்பி: பார்த்தவர்கள் மட்டும் எழுதுங்கள்

உச்சிப்புளியிலிருந்து ஒரு அக்கா:

என் சித்தி மகனைப் பற்றி மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரை ஆளுக்கொரு கதை ஓடுகிறது. கதை வேண்டாம். அன்று ராத்திரியோ அதற்குப் பிறகோ நீங்களே கண்ணால் பார்த்தது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். முதலில் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகைக் கடைசி. சேக்காளிகள் நாலு பேர், அதில் ஒருத்தனுக்குத் துபாய் விசா வந்த சந்தோஷம், சவுக்குத் தோப்பு ஓரம் வடகடல் (பாக் விரிகுடா) கரைக்குப் போயிருக்கிறார்கள். பரோட்டா, கோழி, கொஞ்சம் குடி, அதை மறைக்க ஒன்றுமில்லை. பதினொன்றரை வாக்கில் தம்பி போனைக் கையில் எடுத்துக்கொண்டு "இந்தா வாரேன்" என்று தண்ணீர்ப் பக்கம் நடந்திருக்கிறான். மற்ற மூணு பேரும் அவன் ஒன்றுக்குத்தான் போகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடக்கிறது. செருப்பு பைக்கின் கால் வைக்கும் இடத்தில் சோடியாக இருந்தது. சட்டை, பர்ஸ், போன் எதுவும் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

காலையில் புகார் கொடுக்கப் போன இடத்தில் "வயசுப் பையன்தானே, ஒரு நாள் பாருங்க, வந்துருவான்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் கிடையாது. ஆள் காணவில்லை என்று உடனே எஃப்.ஐ.ஆர். போடலாம், எந்த ஸ்டேஷனிலும் போடலாம். கடல் சம்பந்தப்பட்டது என்றால் 1093 என்ற எண்ணில் மெரைன் போலீஸைக் கூப்பிடலாம். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, இதைப் படிக்கிற யாருக்கும் அந்த ஒரு நாள் வீணாகிவிடக் கூடாது.

இப்போது ஓடுகிற கதைகள். பீடி இலை, கடல் அட்டை கடத்துகிறவர்களை அவன் பார்த்துவிட்டான், அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது ஒன்று. சேக்காளிகளே அடித்துப் புதைத்துவிட்டார்கள் என்பது இன்னொன்று, இதனால் அதில் ஒரு பையன் ஊரில் இருக்க முடியாமல் திருப்பூருக்கே போய்விட்டான், அவன் அம்மா கோயிலுக்குக்கூட வருவதில்லை. மூன்றாவது, அவன் இலங்கைக்குப் போய்விட்டான் என்பது. நாலாவது, ஏர்வாடியில் புத்தி பேதலித்துத் திரிகிறான் என்பது. சித்தி இந்த நாலையும் தினமும் மாற்றி மாற்றி நம்புகிறார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாம்பனிலிருந்து ஒருவர்:

அக்கா, இலங்கைக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அந்த ஸ்கிரீன்ஷாட் எனக்கும் வந்தது. காணாமல் போன ரெண்டாம் நாள் தம்பி போன் இலங்கை நெட்வொர்க்கில் வந்ததாகச் சொல்லி, "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்ற மெசேஜைக் காட்டினார்கள். நான் தனுஷ்கோடிக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். அரிச்சல்முனையில் நின்றால் போன் தானாகவே அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும். தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சுமார்தான். டூரிஸ்ட்டுகள் பதறிப்போய் "அண்ணே, ரோமிங் காசு பிடிச்சிருமா" என்று கேட்பது எனக்கு வழக்கமான விஷயம்.

அந்த மெசேஜ் வந்த போனை வைத்திருக்கிற பையனை நேரில் போய்ப் பார்த்தேன். அது அவனுடைய போன். தம்பியோடு அரிச்சல்முனை போனபோது வந்தது, தேதி அதற்கு முந்தின ஆவணி மாதத்தது. தேதியை வெட்டிவிட்டுத்தான் யாரோ பரப்பியிருக்கிறார்கள். இலங்கை நேவி பிடித்திருக்கும் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நம்மாட்களில் யாரைப் பிடித்தாலும் பேர் ஊரோடு பட்டியல் யாழ்ப்பாணத்தில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகம் வழியாக மீன்துறைக்கு வந்துவிடும், சங்கத்து ஆட்களிடம் கேட்டாலே சொல்வார்கள். கேட்டுவிட்டேன், தம்பி பேர் இல்லை.

கீழக்கரையிலிருந்து ஒருவர்:

ஏர்வாடியில் பார்த்தேன் என்று முதலில் சொன்னது என் மச்சான்தான், அதனால் நானே போனேன். தர்காவுக்கு மேற்கே கடைகள் தாண்டி ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்த பையனைக் காட்டினான். முகச் சாயல் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதே தாடை, அதே நெற்றி. தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சடக்கென்று திரும்பிப் பார்த்தான். மச்சான் அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கு என்னவோ தோன்றியது, சரி என்று வேறொரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கும் அப்படியே திரும்பினான். மூன்றாவதாக ஒரு பேர் சொன்னேன், அதற்கும்தான். பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் தெலுங்கு மாதிரி இருந்தது, பாதி புரியவில்லை.

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் செத்துப்போன பிறகு சட்டதிட்டம் எல்லாம் மாறிவிட்டது, ஆனாலும் வீட்டைத் தொலைத்தவர்கள் வந்து சேருகிற இடமாகத்தான் அது இன்னமும் இருக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் எங்கோ ஓர் ஊரில் தேடுகிற உம்மா இருப்பார். சகோதரி, உங்கள் சித்தியை அழைத்துக்கொண்டு ஒருமுறை வாருங்கள், நான் கூட வருகிறேன். ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால் அவர் மனசில் அந்தக் கதவு மூடிவிடும். யாரோ பேச்சைக் கேட்டு வாராவாரம் பஸ் ஏற வேண்டாம்.

மண்டபம் வடக்கிலிருந்து ஒருவர்:

தங்கச்சி, நான் நாட்டுப்படகுக்காரன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மனசு கஷ்டப்பட்டால் சித்திக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

எல்லோரும் சொல்வது என்னவென்றால், வடகடல் குளம் மாதிரி கிடக்கும், அதில் நீச்சல் தெரிந்த பையன் எப்படி மூழ்குவான், மூழ்கினாலும் வாடைக்காற்று கரைக்குத்தானே தள்ளும், உடல் எங்கே என்பது. கேள்வி சரியான கேள்வி. அன்று சாயங்காலம் வாடை ஓய்ந்திருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதை நம்பித்தான் நாங்கள் வலை வைத்தோம். தண்ணீர் நல்ல வத்தம், அதாவது கடல் வற்றி உள்வாங்கியிருந்தது. அந்தக் கரையில் வத்தத்தில் வெகு தூரம் முழங்கால் அளவுக்குத்தான் இருக்கும், தாழை (கடற்புல்) படர்ந்த தரை, நடுவில் அங்கங்கே பள்ளம். பகலில் பள்ளம் கருப்பாகத் தெரியும், ராத்திரி தெரியாது. விடிகாலையில் வாடை திரும்ப ஏறி, நாங்கள் வலையை அறுத்துக்கொண்டு ஓடி வந்தோம்.

இப்போது நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம். வாடைக் காலத்தில் வடகடல் தண்ணீர் பாம்பன் வாய்க்கால் வழியாகத் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) ஓடும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அப்படியே தலைகீழ், தெற்கிலிருந்து வடக்கே. பாலத்தின் மேல் நின்று பார்த்தாலே அந்த இழுப்பு தெரியும். காற்று மேலே ஒரு பக்கம் தள்ளும், அடியில் நீவாடு வேறு பக்கம் இழுக்கும். அன்று நாங்கள் அறுத்துவிட்ட வலையின் மிதவை, நான் பச்சைப் பெயின்ட்டில் குறி போட்டது, வடக்குக் கரையில் ஒன்றுகூட ஒதுங்கவில்லை. சில நாள் கழித்துக் குந்துகால் பக்கம் தொழில் பார்க்கிற சகலன் ரெண்டை எடுத்து வந்து கொடுத்தான். குந்துகால் தெற்கே இருக்கிறது. என் மிதவை பாலத்துக்கு அடியில் புகுந்துதான் போயிருக்க வேண்டும்.

தம்பியை எங்கே தேடினோம்? வடக்குக் கரை முழுக்க, தொண்டி வரைக்கும் போனோம். தெற்கே யாருமே தேடவில்லை. குருசடை, சிங்கிள், மனோலி, முசல் தீவு என்று தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள், 1986-லிருந்து தேசியப் பூங்கா, நாம் இறங்கினால் வனத்துறை வழக்குப் போடும், அதனால் எவனும் இறங்குவதில்லை. சூடான கடல் என்பதால் ரெண்டு மூணு நாளில் உடல் மிதந்துவிடும், ஆனால் தீவு ஓரம் பவளப்பாறையிலோ கண்டல் வேரிலோ சிக்கினால் கரைக்கு வராது. என் கணக்கு இதுதான். அடித்துப் புதைத்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளைச் சொல்கிறவர்கள், ஒருமுறை தென்கடலைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

முனைக்காடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா (மகள் எழுதித் தருகிறாள்):

நான் மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கிறவள். அன்று ராத்திரி தங்கச்சி வீட்டில் இருந்தேன், அந்தத் தோப்பிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. நாய் விடாமல் குரைத்தது என்று வெளியே வந்தேன். மணி பார்க்கவில்லை, ஆனால் பன்னிரண்டுக்கு வேலை முடிந்து வருகிற தங்கச்சி மகன் அப்போது இன்னும் வந்து சேரவில்லை. தண்ணீருக்குள்ளே தூரத்தில் ஒரு வெளிச்சம் நகர்ந்தது. நண்டு பிடிக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், நண்டுக்குப் போகிறவர்கள் நெத்தியில் லைட் கட்டுவார்கள், அது ஆள் உயரத்தில் இருந்து அங்கே இங்கே ஆடும். இது தாழ்வாக, தண்ணீரை ஒட்டி, வெள்ளையாக இருந்தது. நாயை அடக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது இல்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. படகும் கிடையாது, படகு என்றால் இன்ஜின் சத்தம் கேட்டிருக்கும். இதை என்னிடம் யாரும் விசாரிக்கவில்லை, நானாகப் போய்ச் சொல்ல பயமாக இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

உச்சிப்புளி அக்கா:

அம்மா, நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்துவிட்டேன். அவன் சின்ன வயதிலிருந்தே வத்தத்தில் நண்டு தேடப் போகிறவன். சித்தப்பா இருந்தவரை ரெண்டு பேரும் சேர்ந்தே போவார்கள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் எதற்குப் போவான் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், அதை வைத்துத்தான் கடத்தல், கொலை என்று அத்தனையும் கட்டினார்கள். டார்ச்சுக்காக எடுத்துப் போயிருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மண்டபம் அண்ணே, நீங்கள் சொன்னது சித்திக்கும் படித்துக் காட்டினேன். அழுதார், ஆனால் ராத்திரி சாப்பிட்டார்.

ஒரு வக்கீலிடமும் கேட்டோம். ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால் இறந்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், பழைய சாட்சியச் சட்டத்தில் 108-வது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 111. 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போன மீனவர்களுக்கு அரசு தனி ஆணை போட்டு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது, எங்களைப் போன்ற ஒற்றை வீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதுவரை அவன் பேரில் இருக்கிற வங்கிக் கணக்கைத் தொடுவதுகூடச் சிரமம்தான். சித்திக்குப் பணம் முக்கியமில்லை. திதி கொடுப்பதா, குறி கேட்கப் போவதா, அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை வனத்துறைக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் மனுக் கொடுக்கிறோம். தீவுகளில் ஆள் இறக்கித் தேடச் சொல்லியும், கார்த்திகைக்குப் பிறகு ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் கரை ஒதுங்கி அடையாளம் தெரியாமல் புதைத்த உடல்களின் பதிவைக் காட்டச் சொல்லியும் எழுதியிருக்கிறோம். ஒரு பல்லோ எலும்போ எடுத்து வைத்திருந்தால் போதும், சித்தி ரத்தத்தோடு டி.என்.ஏ. ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். அந்த அம்மாவின் சாட்சியத்தையும் மனுவோடு சேர்க்கிறோம். அவருக்கு எந்தத் தொந்தரவும் வராமல் நான் கூடவே இருப்பேன்.

தென்கடலில் தொழில் பார்க்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு விஷயம். கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் சின்ன வெள்ளித் தாயத்து. இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே சிப்பி கிழித்துத் தையல் போட்ட தழும்பு. கீழ் வரிசைப் பற்களில் ஒன்று பாதி உடைந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. வலையில் எது வந்திருந்தாலும், எவ்வளவு பழசாக இருந்தாலும், கடலில் திரும்பப் போட்டுவிடாமல் சொல்லுங்கள். திருப்பூரில் இருக்கிற பையனின் அம்மாவுக்கும் நேற்று சித்தியே போன் பண்ணிப் பேசிவிட்டார். அவன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான்.