உயிர்வேதியியல் இளங்கலை: சேரலாமா?

நீடாமங்கலத்து மாணவி:
நீட் கைகொடுக்கவில்லை. கும்பகோணம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் கிடைத்திருக்கிறது. "மூன்று வருடம் படித்து ரத்தம் எடுக்கத்தானே போகிறாய்?" என்கிறார் அப்பா. குறுவைக்கு உரம் வாங்க வைத்திருந்த பணத்தைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பழைய மாணவன், மன்னார்குடி:
அப்பா சொல்லும் வேலைக்கு டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வக டிப்ளமோ படிப்பு தனியாக இருக்கிறது தங்கையே. இது வேறு. முதலாண்டில் எங்களுக்குச் சோற்றுக் கஞ்சியை நீர்க்கவிட்டு அயோடின் சொட்டச் சொன்னார்கள், கருநீலமானது. உமிழ்நீர் கலந்த குழாயில் சில நிமிடங்களில் நீலம் வெளுத்தது. கொதிக்கவைத்த உமிழ்நீர் கலந்ததிலோ அப்படியே நின்றது. நீலம் தருவது கஞ்சியிலுள்ள மாவுச்சத்து; அதை உடைப்பது உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி. சூட்டில் அந்த நொதி குலைந்துவிடும். தினம் மென்று விழுங்கிய பொன்னி அரிசியை அன்றுதான் பார்த்தேன்! ஆனால் இரண்டாமாண்டில் நொதி வேகக் கணக்கு வரும். மைக்கேலிஸும் மென்டனும் 1913-இல் எழுதிய சமன்பாடு. கணக்கை ஒதுக்கிவிட்டு வந்தவர்கள் (நான் உட்பட) அங்கே திணறினோம்.

திருவாரூர் அக்கா:
சேருமுன் ஆய்வகத்தை நேரில் பார். நிறமானி (கரைசலின் நிற அடர்த்தியை அளக்கும் கருவி) வேலை செய்கிறதா, ஒரு சோதனைக்கு எத்தனை பேர் என்று கேள். எங்கள் கல்லூரியில் எட்டுப் பேருக்கு ஒரு பிப்பெட் (திரவத்தை அளந்தெடுக்கும் குழாய்). ஏழு பேர் வேடிக்கை பார்த்தோம். மேற்படிப்புக்கு, ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் நுழைவுத்தேர்வில் பயோடெக்னாலஜி தாள் உண்டு.

நீடாமங்கலத்து மாணவி:
நன்றி அண்ணா, அக்கா. மருந்துக்கடையில் டிங்சர் அயோடின் வாங்கிவிட்டேன். இன்றிரவு கஞ்சியோடு அப்பா முன்னால் உட்காரப் போகிறேன்.