‘இன்செட்டிங்’குக்குத் தமிழ்ச் சொல்: ‘ஈடு’ வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு,

குழந்தைப் பால்மாவு நிறுவனங்களின் உமிழ்வு அறிக்கைகளைத் தமிழாக்கும்போது ‘இன்செட்டிங்’ (insetting) என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நம் கலைச்சொல் பட்டியலில் இதற்குச் சொல் இல்லை. ‘ஆஃப்செட்’டைக் ‘கார்பன் ஈடு’ என்று எழுதிவருவதால், இதை ‘அக ஈடு’ என்று சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பரவுவதற்கு முன்பே அதைக் கைவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் பொருளிலேயே இருக்கிறது. அப்டமில் பால்மாவை விற்கும் டனோன், புதுப்பால் கொள்முதலில் வரும் மீத்தேனை 2030-க்குள் 30 விழுக்காடு குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தது, அடிப்படையாண்டு 2020. இந்த மீத்தேன் மாட்டின் இரைப்பையிலிருந்தும் சாணக் குழியிலிருந்தும் வருகிறது. மாடு விவசாயியுடையது. ஆகவே, நிறுவனங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பயன்படுத்தும் பசுமைக்குடில் வாயு நெறிமுறைப்படி, இது நிறுவனத்துக்கு மூன்றாம் எல்லை (ஸ்கோப் 3) உமிழ்வு, அதாவது அதன் தொடரில் பிறர் இடத்தில் எழுவது. அந்த எல்லையின் 15 வகைகளில் முதலாவதான ‘வாங்கிய பொருள்களும் சேவைகளும்’ என்பதில் சேரும். தீவனத்தை மாற்றவும் சாணக் குழியை மூடவும் நிறுவனம் அந்த விவசாயிக்குப் பணம் கொடுத்தால், நிறுவனத்தின் சொந்த உமிழ்வுக் கணக்கே குறைகிறது. இதுதான் இன்செட்டிங். வேறொரு நாட்டுக் காட்டுத் திட்டத்தின் கார்பன் வரவை (கார்பன் கிரெடிட்) வாங்கினால் உமிழ்வுக் கணக்கு அப்படியே நிற்கும், பக்கத்தில் ஒரு கழித்தல் மட்டும் ஏறும். அதற்குத்தான் ‘ஈடு’ பொருந்தும்.

புணர்ச்சியும் கைகொடுக்கவில்லை. அக + ஈடு சேர்ந்தால் ‘அகவீடு’. எல்லோரும் ‘வீடு’ என்றே படிப்பார்கள். ‘உள்ளீடு’ என்று மாற்றவும் வழியில்லை, அது ‘இன்புட்’ என்ற பொருளில் கணினித்துறையில் எப்போதோ நிலைத்துவிட்டது.

என் பரிந்துரை: தொடரகக் குறைப்பு. வழங்கல் தொடரின் அகத்தே நடக்கும் குறைப்பு.

— ச.

*

ச. ஐயாவுக்கு வணக்கம்.

> அதற்குத்தான் ‘ஈடு’ பொருந்தும்.

முழு உடன்பாடு. சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 நெறியாணை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. பொருளின் மதிப்புத் தொடருக்கு (மூலப்பொருள் முதல் பயன்பாடு வரையிலான சங்கிலிக்கு) வெளியே வாங்கிய ஈட்டைக் காட்டி, ‘கார்பன் நடுநிலை’ என்று பால்மாவு டப்பாவில் அச்சிட அது இடம் தராது. தொடருக்குள் உண்மையாகவே குறைந்ததைச் சான்றோடு சொல்லத் தடையில்லை. தடைசெய்த கூற்றுக்கும் அனுமதித்த கூற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், டப்பாவைப் படிக்கும் தாய்க்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஆனால் ‘குறைப்பு’ பாதிப் பொருளைத்தான் தாங்குகிறது. பால்பண்ணை வேலியில் மரம் வளர்ப்பதும் மேய்ச்சல் நிலத்து மண்ணில் கரிமம் ஏற்றுவதும் இன்செட்டிங்கில் சேரும். அவை காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் நீக்கம், குறைப்பு அல்ல. நிறுவனங்களின் உமிழ்வு இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ (SBTi) அமைப்பு 2022 செப்டம்பரில் வெளியிட்ட நிலத்துறை வழிகாட்டல் இதில் கண்டிப்பாக இருக்கிறது: நிலத்தில் நடக்கும் நீக்கம் நிலத்துறை இலக்குக்கு மட்டுமே செல்லும். பாலைத் தூளாக்கும் உலர்த்திக் கோபுரத்துக்கு எரிக்கும் எரிவாயுவை வேலி மரத்தைக் காட்டிக் கழிக்க முடியாது. நம் சொல்லே ‘குறைப்பு’ என்றிருந்தால் இந்த வேறுபாட்டை எழுத வழியில்லாமல் போகும்.

‘மிட்டிகேஷ’னுக்குத் ‘தணிப்பு’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். உமிழ்வைக் குறைப்பதும் நீக்கத்தைக் கூட்டுவதும் அதில் அடங்கும். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: நூலகம், பணியகம், தலைமையகம் எனப் பழகிய காதுக்குத் ‘தொடரகம்’ ஏதோ ஓர் அலுவலகம் போலக் கேட்கிறது. தொடருள் தணிப்பு எப்படி?

— மீ.

*

மீ. அம்மா, ‘தொடருள் தணிப்பு’ என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். இலக்கணப்படி ‘தொடருட்டணிப்பு’ என்று சேர்க்கவேண்டும் என யாராவது சொல்வார்கள். கலைச்சொல்லில் வேர் கண்ணுக்குத் தெரியவேண்டும், பிரித்தே எழுதுவோம். உட்பிரிவுக்குத் தொடருள் குறைப்பு, தொடருள் நீக்கம்.

எதற்கு இந்தச் சொல்லைப் போடக்கூடாது என்பதையும் குறிப்பில் சேர்க்கவேண்டும். டனோனின் நியூட்ரிசியா பிரிவு நியூசிலாந்தின் பால்குளூதா ஆலையில் மர எரிபொருள் கொதிகலன் வைத்தது. ஆலை சொந்தம், கொதிகலன் சொந்தம். அது முதல் எல்லைக் குறைப்பு, அதாவது நிறுவனத்தின் நேரடி உமிழ்வில் வரும் குறைப்பு. தொடருள் தணிப்பு ஆகாது.

சொல் கணக்கில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு மாதிரி. கறவை மாடு ஒன்று ஆண்டுக்கு 120 கிலோ மீத்தேன் விடுவதாக வைத்துக்கொள்வோம். மீத்தேனைக் கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மாற்ற, ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கை தரும் காரணி 27; ஆக 3,240 கிலோ கார்பன் டைஆக்சைடு இணை. தீவனச் சேர்க்கையால் 30 விழுக்காடு குறைந்தால், குறையும் அளவு 972 கிலோ. அந்தப் பண்ணையின் பாலில் நிறுவனம் வாங்குவது 35 விழுக்காடுதான் என்றால், அது எழுதக்கூடிய தொடருள் குறைப்பு சுமார் 340 கிலோ. மீதி, மற்ற பாலை வாங்கும் பாலாடைக்கட்டி ஆலையின் கணக்குக்கு உரியது.

பிழைகள் இங்கேதான் நுழைகின்றன. முழு 972-ஐயும் இரண்டு நிறுவனங்களும் எழுதிக்கொள்வது ஒன்று. அதே குறைப்பைத் தீவன நிறுவனம் கார்பன் வரவாக வெளியே விற்றுவிடுவது இன்னொன்று. விற்ற பிறகு அதைத் தொடருள் தணிப்பாகக் கோர முடியாது. மூன்றாவது கண்ணில் எளிதில் படாதது: அடிப்படையாண்டை ஐந்தாம் அறிக்கையின் 28-ஆலும் நடப்பாண்டை 27-ஆலும் பெருக்கினால், மாடு ஒரு மூச்சுக்கூடக் குறைத்து விடாமலே தாளில் 3.6 விழுக்காடு குறைந்துவிடும். காரணி மாறினால் அடிப்படையாண்டையும் திருத்திப் போடவேண்டும்.

டனோன் வாக்குறுதியில் உள்ள சொல் ‘புதுப்பால்’. வெறும் ‘பால்’ என்று தமிழாக்கினால், பால்மாவில் சேரும் லாக்டோஸும் வே புரோட்டீனும்கூட அந்த 30 விழுக்காட்டுக்குள் வருவதாகப் பொருள் விரிந்துவிடும்.

— ச.

*

ஐயா, அந்த 35 விழுக்காட்டுக் கணக்கு ஒரே பண்ணைக்குச் சரி. நடைமுறையில் டேங்கர் பல பண்ணைகளின் பாலை ஒன்றாக ஏற்றுகிறது, ஆலைக் கலனில் மேலும் கலக்கிறது. எந்தப் பால் எந்த டப்பாவுக்குப் போனது என்று பிரிக்க முடியாதபோது, அந்த வட்டாரம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்துச் சராசரி போடுகிறார்கள். அதைச் ‘சப்ளை ஷெட்’ என்கிறார்கள். ‘ஷெட்’ இங்கே கொட்டகை அல்ல. நீர்ப்பிடிப்புப் பகுதியைக் குறிக்கும் ‘வாட்டர்ஷெட்’டிலிருந்து வந்தது. ‘வழங்கல் கொட்டகை’ என்று ஒரு தமிழாக்கத்தில் வந்திருக்கிறது. ‘கொள்முதல் பரப்பு’ என்று முன்மொழிகிறேன்.

பதிவுக்கான வரைவு:

தொடருள் தணிப்பு: நிறுவனம் தன் மதிப்புத் தொடருக்குள், பிறர் உடைமையில் உள்ள பண்ணை, நிலம், ஆலை ஆகியவற்றில் செலவிட்டு உமிழ்வைக் குறைப்பது அல்லது கார்பனை நீக்குவது. கார்பன் வரவாக வெளியே விற்றது இதில் சேராது.

‘கொள்முதல் பரப்பு’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

— மீ.