தமிழ் கேள்வித்தாளை பிரெயில்ல மாத்துனா ஒரே கிறுக்கலா வருது, உதவி பண்ணுங்க

புதுவாத்தியார்:
வணக்கம். எங்க ஸ்கூல்ல பார்வையில்லாத பசங்க நாலு பேர், எம்பாசர் (பிரெயில் பிரிண்டர்) வந்து ஆறு மாசமா அட்டைப்பெட்டி கூட பிரிக்காம கிடந்துச்சு, இப்ப என் தலையில விழுந்திருக்கு. பிரெயிலா மாத்துற டக்ஸ்பரி சாஃப்ட்வேர் வாங்க காசு இல்ல, சாவ் மாய் பிரெயில் இலவசம்னு அதை போட்டு, கேள்வித்தாளை மாத்தி பிஆர்எஃப்-ஆ (பிரெயில் ஃபைல்) சேவ் பண்ணேன். நோட்பேடுல திறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்து, எங்க பாத்தாலும் @. என்ன தப்பு பண்ணேன்?

ஆறுபுள்ளி:
தப்பே இல்ல சார், பிஆர்எஃப் அப்படித்தான் தெரியும், ஒரு செல்லுக்கு (ஆறு புள்ளிக் கட்டம்) ஒரு கீபோர்டு குறி. அந்த @ தான் 4ஆம் புள்ளி, அதாவது நம்ம மெய்யெழுத்துப் புள்ளி. "அம்மா"ன்னு மட்டும் அடிச்சு மாத்திப் பாருங்க, அஞ்சு செல் வரணும்: அ, 4ஆம் புள்ளி, ம, ம, ஆ. பாரதி பிரெயில்ல (இந்திய மொழிகளுக்கான பிரெயில்) அந்தப் புள்ளி, எழுத்துக்கு முன்னாடி வரும், துணைக்கால் கொம்பு எதுவும் கிடையாது, முழு உயிரெழுத்தே பின்னாடி வரும், அதனால "கெ"ன்னா க, எ. இது தெரியாம சாஃப்ட்வேரை நான் ஒரு நாள் முழுக்க திட்டிட்டு இருந்தேன் 😀

புதுவாத்தியார்:
அஞ்சு செல் வந்துச்சு!! ஆனா போன வருஷ தாளை போட்டா @ அவ்வளவா இல்லையே?

தட்டச்சுக்காரன்:
அது பாமினில (யூனிகோட் இல்லாத பழைய தமிழ் ஃபான்ட்) அடிச்சதா இருக்கும். ஃபான்டை ஏரியலுக்கு மாத்துங்க, தமிழ் போய் இங்கிலீஷ் எழுத்து வந்துச்சுன்னா யூனிகோட் இல்ல. முதல்ல கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்துங்க, அப்புறம் சாவ் மாய்ல பிரெயில் மொழி டேபிள்ல தமிழ் செலக்ட் ஆகியிருக்கான்னு பாருங்க.

விரல்நுனி:
நான் பிரெயில்ல படிச்சு வளர்ந்தவ, அதனால ஒண்ணு சொல்றேன். "பொருத்துக"வை ரெண்டு பத்தியா விடாதீங்க, ஒரு பட்டியல் முடிச்சு அதுக்குக் கீழ அடுத்தது போடுங்க, இல்லன்னா வரி உடைஞ்சு எது எதுக்கு ஜோடின்னே புரியாது. பேஜ் செட்டப்ல 40 செல் 25 வரின்னு இருந்தா அது 11க்கு 11.5 இன்ச் தாளுக்கு, ஏ4ல அவ்வளவு கொள்ளாது. முதல் பக்கத்தை அடிச்சு ஒரு பையன்கிட்ட படிக்கக் குடுங்க. பழைய தாளைக் குடுங்க சார், பரீட்சைத் தாளைக் குடுத்துடாதீங்க!

புதுவாத்தியார்:
ஹாஹா சரிங்க மேடம். பாமினியேதான், 40தான் இருந்துச்சு, ரெண்டையும் மாத்திட்டு நாளைக்கு ஒரு பக்கம் அடிச்சுப் பாக்குறேன்.