பிரியா விகார் கோயில்: 1962-லயே தீர்ப்பு வந்தாச்சே, அப்புறம் ஏன் சண்டை?

கேள்வி:
2025 ஜூலையில தாய்லாந்தும் கம்போடியாவும் அஞ்சு நாள் அடிச்சுக்கிட்டதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறல. பிரியா விகார் கம்போடியாவுக்குன்னு சர்வதேச நீதிமன்றம் எப்பவோ சொல்லிடுச்சே. இன்னும் என்ன பாக்கி?

பதில் 1:
நான் கம்போடியா பக்கமா போய் வந்தவன். அடிவாரத்துல பிக்கப் வண்டி மாறி, பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டே ஏறினேன். அவ்வளவு செங்குத்து, இறங்கும்போது உள்ளங்கை சிவந்து கிடந்துச்சு. மேல போனா கோயில் வடக்கே பார்த்து நிக்குது. படிக்கட்டு தாய்லாந்து பக்கம் இறங்குது. கருவறைக்குப் பின்னாடி நேரா பாதாளம், கீழே கம்போடியச் சமவெளி. அந்த இடத்துல நின்னா வழக்கு தானா புரிஞ்சிடும்.

மழைத்தண்ணி பிரிஞ்சு ஓடுற மலை முகடுதான் எல்லைன்னு 1904-ல சியாமும் (தாய்லாந்தோட பழைய பேரு) அப்போ கம்போடியாவை ஆண்ட பிரான்சும் ஒப்பந்தம் போட்டாங்க. ஆனா 1907-ல பிரெஞ்சு அதிகாரிகள் தயாரிச்ச வரைபடத்துல கோயில் கம்போடியாவுக்குள்ள வந்துடுச்சு. சியாம் மறுப்பு சொல்லல, இன்னும் 15 பிரதி வேணும்னு கேட்டு வாங்குச்சு! 1930-ல சியாம் இளவரசர் தம்ரோங் கோயிலுக்குப் போனப்போ பிரெஞ்சுக் கொடி பறக்க வரவேற்றாங்க. அப்பவும் பேச்சில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமா எடுத்துக்கிட்டுத்தான் 9-க்கு 3-னு தீர்ப்பு. முகடு உண்மையில எங்க போகுதுங்கிறதுக்குள்ள நீதிமன்றம் போகவே இல்லை. தாய்லாந்துக்காரங்க ஆதங்கம் அங்கதான். எனக்குத் தீர்ப்பு சரின்னுதான் படுது.

பதில் 2:
கோயில் கிடைச்சது, சுத்தி இருக்கிற சுமார் 4.6 சதுர கிலோமீட்டர் நிலம்தான் இழுபறி. 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததும் மறுபடி துப்பாக்கிச் சத்தம். கோயில் நிக்கிற மலைமுனை முழுக்க கம்போடியாவோடதுன்னு 2013-ல நீதிமன்றம் விளக்கம் கொடுத்துச்சு. 2025 சண்டை தொடங்கினது தா முவேன் தோம் கோயில் பக்கம். அது வேற இடம், இந்தத் தீர்ப்புல வராது.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. உள்ளே சாமி இருக்கா?

பதில் 1:
சிவன் கோயில்ங்க, சிகரேஸ்வரர்னு பேரு. நாலாவது கோபுர வாசல் முகப்புல பாற்கடல் கடையுற சிற்பம் இருக்கு. அடியில ஆமை, மேல மத்து, ரெண்டு பக்கமும் பாம்பை இழுக்குறாங்க. அதைப் பார்த்துட்டுத் திரும்பினா மண்மூட்டை அடுக்கின பதுங்குகுழி. கண்ணு கலங்கிடுச்சு. என்னோட வந்த ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசல.