வால்வெள்ளியின் தூசு

குழு: முள்ளியவளை வீடு
2024 மே 5, ஞாயிறு

தர்சினி, பி.ப. 7:32
எல்லோருக்கும் ஒரு விஷயம். நாளை விடியப்புறம் மூன்றரைக்கு எழும்பிக் கிழக்கே பாருங்கள், எரிநட்சத்திரங்கள் விழும். ஹேலி வால்வெள்ளி உதிர்த்துவிட்டுப் போன தூசுதான் அது. ஒவ்வொரு மே மாதத் தொடக்கத்திலும் பூமி அந்தத் தூசுக்குள்ளால் போகிறது. நிலவும் நன்றாகத் தேய்ந்துவிட்டது, அதனால் வானம் இருட்டாக இருக்கும்.

கலா சித்தி, பி.ப. 7:36
ஹேலியா? 86இல் வந்ததே, அதுவா? எனக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள், என்னை மட்டும் எழுப்பவில்லை. அந்தக் கவலை இன்றைக்கும் இருக்கிறது.

நிலான், பி.ப. 7:43
சித்தி, அம்மம்மா பக்கத்தில் இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
"யார் எழுப்பவில்லை என்றது? உன்னைத் தூக்கிக்கொண்டுதான் முற்றத்துக்குப் போனேன். அந்தா பார் பிள்ளை என்று உன் தலையைப் பிடித்துத் திருப்பியும் விட்டேன். நீ என் தோளில் வாயூறிக்கொண்டு நித்திரை."

கலா சித்தி, பி.ப. 7:44
அம்மா, 38 வருடமாக இது எனக்குத் தெரியாதே.

ரவி மாமா, பி.ப. 7:51
இங்கே டொரொண்டோவில் காலை பத்தேகால். அந்த இரவு எனக்கு நல்ல ஞாபகம். சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை, நடுச்சாமம். தெற்கே பனைகளுக்கு மேலே, ஊதிவிட்ட இலவம்பஞ்சு மாதிரி ஒரு மங்கல். நேராகப் பார்த்தால் மறையும், பக்கத்தில் பார்த்தால் தெரியும். தாத்தா சால்வையைப் போர்த்திக்கொண்டு சாக்குக் கட்டிலில் இருந்தார். "இது சின்னதாய்ப் போய்விட்டதடா" என்றார். அவர் 1910இலும் பார்த்தவர்.

தர்சினி, பி.ப. 7:53
இரண்டு தரமா!

நிலான், பி.ப. 7:58
அம்மம்மா: "ஓம். ஐயாவுக்கு முதல்முறை ஏழு வயது, இரண்டாம்முறை எண்பத்து மூன்று. முதல்முறை வால் பாதி வானத்துக்கு நீண்டு கிடந்ததாம். பயத்தில் தாயின் சீலைக்குள் ஒளிந்தாராம்."

தர்சினி, பி.ப. 8:06
பூட்டனார் சொன்னது சரிதான். 1910இல் அது நமக்குக் கிட்டவாகப் போனது, அதன் வாலுக்குள்ளால் பூமியே கடந்தது. 86இல் மிகக் கிட்ட வந்தபோதே 6 கோடி கிலோமீற்றருக்கு மேல். அதனால்தான் மங்கல்.
ஆனால் 86இல்தான் மனிதர் முதல்முறையாக அதன் கருவை, அதாவது நடுவில் இருக்கும் கட்டியை, கண்டார்கள். ஐந்து விண்கலங்கள் போயின: சோவியத்தின் வேகா இரண்டு, யப்பானின் சகிகாகே, சூசே, ஐரோப்பாவின் ஜியோட்டோ. வேகா இரண்டும் முதலில் போய்க் கரு எங்கே இருக்கிறதென்று காட்டிக் கொடுத்தன. அந்தக் கணக்கை வைத்துத்தான் ஜியோட்டோ மார்ச் 14ஆம் திகதி 596 கிலோமீற்றர் கிட்டப் போனது. பனிப்போர்ப் பகையெல்லாம் இருந்த நாளில் இப்படித் தகவலைப் பகிர்ந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ரவி மாமா, பி.ப. 8:09
அதைச் செய்தியில் கேட்டுத்தான் தாத்தா எங்களையெல்லாம் எழுப்பினார். ரேடியோவுக்கு பற்றரி முடியப் போகிறது, வெயிலில் காயவைத்துப் போட்டுக் கேட்டோம். கரு எப்படி இருந்தது பிள்ளை?

தர்சினி, பி.ப. 8:17
வெள்ளைப் பனிக்கட்டி என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள் மாமா. பார்த்தால் கரியைவிடக் கறுப்பு. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. 15 கிலோமீற்றர் நீளம், நிலக்கடலைக் கோது மாதிரி ஒரு வடிவம். வெயில் படுகிற பக்கத்தில் மட்டும் ஆவியும் தூசும் பீறிட்டுக்கொண்டிருந்தன.
மிகக் கிட்டப் போகச் சில விநாடிகள் இருக்கும்போது ஒரு துகள் ஜியோட்டோவில் அடித்தது. ஒரு கிராம் அளவுதான் இருக்கும், ஆனால் விநாடிக்கு 68 கிலோமீற்றர் வேகம். கலம் தள்ளாடி, அரை மணித்தியாலம் தொடர்பு விட்டு விட்டு வந்தது. கமெரா அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை. நாளை நாங்கள் பார்க்கப் போவதும் அந்தக் கருவின் தூசுதான், வேகமும் கிட்டத்தட்ட அதேதான். காற்றில் உரசிப் பளிச்சென்று முடிந்துவிடும்.

கலா சித்தி, பி.ப. 8:21
விழுவதைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். வால்வெள்ளி வந்தால் நாட்டுக்கும் ஆகாதாம்.

நிலான், பி.ப. 8:26
அம்மம்மா: "அப்போதும் சனம் அப்படித்தான் கதைத்தது. சண்டை வால்வெள்ளிக்கு முதலே தொடங்கிவிட்டது பிள்ளை. அது தன்பாட்டில் வந்தது, தன்பாட்டில் போனது. மனிதர் செய்ததை அதன் தலையில் போடக்கூடாது."

ரவி மாமா, பி.ப. 8:28
அம்மா ❤️

தர்சினி, பி.ப. 8:33
போன டிசெம்பர் 9ஆம் திகதி அது நெப்டியூனுக்கும் அப்பால் தன் பாதையின் கடைசி முனைக்குப் போய், அங்கிருந்து திரும்பிவிட்டது. இப்போது வந்துகொண்டிருக்கிறது. 2061 யூலையில் சூரியனுக்குக் கிட்ட வரும். ஆதிரைக்கு இப்போது ஒன்பது வயது, அப்போது 46. அவள் பார்ப்பாள்.

நிலான், பி.ப. 8:40
எங்கே பாய் விரிக்கலாம்? குளக்கட்டில் என்றால் வானம் முழுக்கத் தெரியும்.

ரவி மாமா, பி.ப. 8:41
குளக்கட்டு வேண்டாம். யானை வருகிற நேரம். வீட்டு முற்றமே போதும்.

தர்சினி, பி.ப. 8:44
ஓம், முற்றம். வெளி லைற்றை நிறுத்திவிட்டு இருபது நிமிடமாவது இருட்டில் இருங்கள், கண் பழக வேண்டும். போனைப் பார்க்காதீர்கள்.

மே 6, திங்கள்

நிலான், மு.ப. 5:04
இப்போதுதான் போனை எடுத்தேன். ஆதிரை எண்ணியது 31! மூன்றரைக்கு நாலைந்துதான். நாலேகாலுக்குப் பிறகு அடுத்தடுத்து. ஒன்று வேப்பமரத்துக்கு மேலே தொடங்கிக் கிணற்றடிப் பக்கம் வரைக்கும் கோடு கிழித்தது. கோடு உடனே அணையவில்லை, நான் "அந்தா" என்று கை நீட்டி முடிக்கும்வரை புகை மாதிரி நின்றது.

கலா சித்தி, மு.ப. 5:06
வவுனியாவில் தெருவிளக்கு வெளிச்சம். மொட்டைமாடியில் நின்று மூன்று கண்டேன். இந்தமுறை முழித்துக்கொண்டு பார்த்தேன் அம்மா.

ரவி மாமா, மு.ப. 5:08
அம்மா கண்டாரா? கண் ஒப்பரேசனுக்குப் பிறகு இரவில் தெரிகிறதா?

நிலான், மு.ப. 5:10
நான்கு கண்டார். ஆதிரை ஒவ்வொன்றுக்கும் கையைப் பிடித்துத் திசை காட்டினாள். முதல் இரண்டையும் தவறவிட்டார், பிறகு தானே பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி கொடுத்தேன், இன்னும் பாயில்தான் இருக்கிறார். அடுத்தது எப்போது என்று கேட்கிறார்.

தர்சினி, மு.ப. 5:13
ஒக்ரோபர் 21 பக்கம். அதுவும் ஹேலியின் தூசுதான், ஆனால் அப்போது மழை தொடங்கிவிடும்.

நிலான், மு.ப. 5:15
மழை விட்டால் எழுப்பட்டாம்.