மாடிப்படிக்கு அடியிலும் பால்கனியிலும் பட்டறை போட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரும்புப்பெட்டி, அம்பத்தூர்

வீட்டில் சின்னச் சின்ன மரவேலை, ரிப்பேர் என்று இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது என்னென்ன மெஷின் வாங்கலாம் என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. நான் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன், எங்கள் பக்கம் ஃபைவ் எஸ் போர்டு மாட்டாத கம்பெனி அபூர்வம். ஜப்பானிலிருந்து வந்த முறை: செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைக் கழி, மிச்சத்துக்கு ஓர் இடம் வை, துடைத்து வை, இதையே வழக்கமாக்கு, யாரும் சொல்லாமலே கடைப்பிடி. அவ்வளவுதான். இதில் முதலாவது நடந்தாலே வீட்டுக்கு முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி, ஆனால் வீட்டில் நடக்கவே நடக்காததும் அதுதான். கம்பெனியில் பழைய மோட்டார் மேல் யாருக்கும் பாசம் கிடையாது. வீட்டிலோ அப்பா சேர்த்து வைத்த ஸ்க்ரூ டப்பா, எரிந்துபோன மிக்சி, கீசர் காயில், கால் உடைந்த நாற்காலி எல்லாம் "எதுக்காவது ஆகும்" என்ற ஒரே காரணத்தில் குடியிருக்கும்.

கம்பெனியில் சந்தேகத்துக்குரிய சாமானுக்கெல்லாம் சிவப்பு அட்டை கட்டித் தனியாக வைப்போம், கெடுவுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் வெளியே போய்விடும். வீட்டில் அட்டைக்குப் பதில் சிவப்புத் துணி, கெடு ஆயுத பூஜை. அன்றைக்கு எப்படியும் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கத்தானே போகிறோம்? அதுவரை யாரும் எடுக்காமல் துணி முடிச்சு அவிழாத சாமான் பொட்டு வாங்கிக்கொண்டு மறுவாரம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். பொட்டு வைத்து அனுப்புவதால் அம்மாவும் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்தது மேஜை. என்னுடையது பழைய ஃப்ளஷ் கதவு, ஆங்கிளில் வெல்டிங் செய்த காலின் மேல் படுக்க வைத்தது. இழைப்புளி பிடிக்கிறவர்களுக்கு மேஜை தாழ இருக்க வேண்டும், நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை படுகிற உயரம் சரியாக இருக்கும். சால்டரிங் மாதிரி நுணுக்கமான வேலைக்கு முழங்கை உயரம் வேண்டும், இல்லாவிட்டால் முதுகு போய்விடும். சாமானை இறுக்கிப் பிடிக்கிற 4 இஞ்ச் வைஸை மேஜை நடுவில் மாட்டாதீர்கள், மேஜைக் காலுக்கு நேர் மேலே மூலையில் மாட்டினால்தான் அடிக்கும்போது மேஜை துள்ளாது. அதன் அசையாத தாடை மேஜை விளிம்பை விட்டுக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், நீளமான குழாயையோ பலகையையோ செங்குத்தாகப் பிடிக்க முடியும். இந்த ஒன்றைக் கவனிக்காமல் மாட்டியிருப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். வாசற்கதவு மழையில் ஊதிக்கொண்டு மூட முடியவில்லை என்று ஒரு ஆசாரியைக் கூப்பிட்டிருந்தோம், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். வந்தார், ஒரு சாக்கை உதறி விரித்தார், பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இடது பக்கம் மூலைமட்டம், ரசமட்டம், டேப். வலது பக்கம் உளிகள், முனை எல்லாம் அவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்தபடி. இழைப்புளியை மட்டும் ஒருக்களித்துப் படுக்க வைத்தார், தகடு தரையில் படக் கூடாதாம். அப்புறம் வேலை முடியும்வரை சாக்கைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, கை தானாகப் போய் வேண்டியதை எடுத்தது, எடுத்த இடத்திலேயே வைத்தது. போகும்போது சுவரில் நான் மாட்டியிருந்த பலகையை, சுத்தியல் வரிசை, ஸ்க்ரூடிரைவர் வரிசை, ஒவ்வொன்றையும் சுற்றி பெயின்டில் வரைந்த கோடு, எல்லாவற்றையும் நின்று பார்த்தார்.

"பார்க்க நல்லா இருக்கு தம்பி. ஆனா ஆணி ஒரு பக்கம், சுத்தி ஒரு பக்கம்னு வைச்சா நடந்தே பொழுது போயிடாதா?"

அதிலிருந்து என் பட்டறையில் பொருள்வாரி வரிசை போய் வேலைவாரிப் பெட்டி வந்துவிட்டது. சுவரில் துளை போட ஒரு பெட்டி: ட்ரில்லிங் மெஷின், 6, 8 மில்லிமீட்டர் கான்கிரீட் பிட், துளைக்குள் செருகுகிற அதே அளவு பிளக், அதற்கேற்ற ஸ்க்ரூ, சின்னச் சுத்தியல், ரசமட்டம். குழாய் ஒழுகினால் ஒரு பெட்டி: பைப் ரெஞ்ச், டெஃப்லான் டேப், வாஷர். கரண்ட் வேலைக்கு ஒன்று. அளவு டேப், பென்சில், கட்டர் மூன்றும் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். ஒன்றுக்கு நாலாக வாங்குவது வீண்செலவு என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப் தேடிப் பார்க்கட்டும். பலகையைக் கழற்றவில்லை. தினமும் கைபடுகிற ஏழெட்டு சாமான் மட்டும் அதில் தொங்குகிறது, கோடு வரைந்திருப்பதால் மாடிவீட்டுக்காரர் எதை எடுத்துப் போனார் என்று சட்டென்று தெரிகிறது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று: உளிக்கும் ரம்பத்துக்கும் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளானால் சிக்குப் பிடித்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

துருப்பிடிச்ச ஸ்பேனர், கோவை

அண்ணா, உங்களுக்கு மாடிப்படி அடியாவது இருக்கிறது. நான் அபார்ட்மென்டில் நாலாவது மாடி, பாத்திரம் கழுவுகிற பால்கனியில் பாதிதான் எனக்கு. எங்களை மாதிரி ஆட்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது வீட்டில் எதைச் செய்யப் போவதில்லை என்பதுதாங்க. 8க்கு 4 அடி பிளைவுட் ஷீட் எங்கள் லிஃப்டில் ஏறாது, ஏறினாலும் அறுக்க இடம் கிடையாது. பெரிய ஷீட்டை நேராக அறுக்கிற பேனல் சா மெஷின் வைத்திருக்கிற பிளைவுட் கடையாகப் பார்த்து, அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அங்கேயே அறுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். கணக்குப் போடும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு தின்கிற 3 மில்லிமீட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடைசித் துண்டு குறைந்துதான் வரும்.

ஒரு ஞாயிறு, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அசோசியேஷன் செயலாளரே மேலே ஏறி வந்துவிட்டார். சத்தத்துக்காக அல்ல, கீழ்வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் மாவு. மனுஷர் கோபப்படவில்லை, நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு சனிக்கிழமை பத்திலிருந்து ஒரு மணிவரை என்று நேரம் குறித்துக் கொடுத்தார், தேய்ப்பதற்கு முன்னால் கீழே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த வாரம் அவர் வீட்டு ஸ்டூல் என் பால்கனியில் ஆட்டத்தைச் சரிபண்ண வந்து நின்றது. எம்டிஎஃப் தூசி ரொம்ப நைசு, கைக்குட்டை கட்டினால் நிற்காது, என்95 மாஸ்க் போடுங்கள்.

பால்கனியில் கரண்ட் எடுக்கிறவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா, கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், ஈரம் இருக்கிற இடம். ஒயர் ரீல் வைத்திருந்தால் முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் மெஷினைப் போட வேண்டும், சுருட்டியபடியே ஓடினால் சூடாகும். இரும்பு அறுக்கிற ஆங்கிள் கிரைண்டரில் கார்டை, அதாவது வீலை மறைக்கிற பாதுகாப்பு மூடியை, கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. வீலில் காலாவதி மாதம், வருடம் அச்சடித்திருக்கும், அதையும் பாருங்கள்.

அண்ணா, ஒரு சந்தேகம். தின்னர், வார்னிஷ் டப்பாக்களை எங்கே வைக்கிறீர்கள்? என் பால்கனியை ஒட்டித்தான் கேஸ் சிலிண்டர்.

இரும்புப்பெட்டி, அம்பத்தூர்

தம்பி, சிலிண்டர் பக்கத்தில் தின்னர் வேண்டவே வேண்டாம். சாமி விளக்கு எரிகிற இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், ஆவி தரையோடு நகர்ந்து போகும். வேலைக்கு வேண்டிய அளவு சின்ன டப்பாவாக வாங்கி முடித்துவிடுவதுதான் அபார்ட்மென்டுக்குச் சரி, லாபம் பார்த்து 5 லிட்டர் கேன் தூக்கி வராதீர்கள். மிச்சம் இருந்தால் மூடியை இறுக்கி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள வேறு பக்கம் வையுங்கள், குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அது உலரும்போது தானாகச் சூடேறும், குவியலாகக் கிடந்தால் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். பிரித்துத் திறந்த வெளியில் காயப்போட்டு, விறைப்பான பிறகு எறியுங்கள். அவசரமென்றால் தண்ணீரில் முக்கி, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு வையுங்கள். அந்த ஸ்டூலுக்குக் கூலி வாங்கினீர்களா இல்லையா?